அக்கா குரலில் பதில்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் ரேஷன் கடையில் போடும் கையெழுத்துக்கு மேல் யாரும் எதுவும் எழுதியதில்லை. நான் பி.காம். முடித்தவள் என்றாலும், பரீட்சைத் தாளுக்கு வெளியே இரண்டு பத்தி சேர்ந்தாற்போல் எழுதியது கிடையாது. ஹேமா அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "நான் வர்ற வரைக்கும் அங்க நடக்குறத ஒண்ணு விடாம எழுதி வைடி, வந்து படிச்சுக்கிறேன்" என்று சொன்னதால் எழுதுகிறேன். அக்காவுக்கே நேராக எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் முகம் தெரியாத யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதப்போகிறேன். அதற்கும் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் நாகஜோதி. திண்டுக்கல்லில் ஹேமமாலினி அக்கா வீட்டு மாடியில் நடக்கும் 'வெண்தாழை' முகக் கிரீம் வியாபாரத்தில் வேலை பார்க்கிறேன். கடை கிடையாது, எல்லாம் போனில்தான். சாயங்காலம் அக்கா லைவில் வந்து முகத்தைக் காட்டிப் பேசுவார். பார்த்தவர்கள் வாட்ஸப்பில் ஆர்டர் போடுவார்கள். நானும் அக்காவின் வீட்டுக்காரர் ரகு சாரும் டப்பாவில் அடைத்துக் கூரியருக்கு அனுப்புவோம்.

சனிக்கிழமை லைவ் நடுவிலேயே அக்கா சரிந்து விழுந்தார். கால் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. கொஞ்ச நாளாகவே கண்ணிமை தடித்துத்தான் இருந்தது. வட்ட லைட்டின் வெளிச்சத்தில் அது தெரியவில்லை. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் நிறைய வெளியேறுகிறதாம், கிட்னி பழுதாகிறதாம். எதனால் என்று டாக்டர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

ரகு சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "ஆடி முடியப் போகுது. ஆவணிக் கல்யாண ஆர்டர் பூரா இனிமேத்தான் வரும். அக்கா ஆஸ்பத்திரில கெடக்கான்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. நம்ம விக்கிறதே அவ மூஞ்சியத்தான். மூஞ்சி படுத்துருச்சுன்னா எவ வாங்குவா?"

தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தான் வரும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் தடவையாக நானே கிரீம் கலக்கினேன். பேஸ் என்று ஒன்று வெள்ளை வாளியில் பார்சல் பஸ்ஸில் வரும். மணம் இல்லாத வெறும் கிரீம். வாளியின் மேல் பெயரோ ஊரோ எதுவும் இருக்காது. அதில் குங்குமப்பூ ஊறிய தண்ணீர், கற்றாழைச் சாறு, இரண்டு சொட்டுத் தாழம்பூ வாசனை சேர்த்து ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும். பிறகு டப்பாவில் நிரப்பி, 'வீட்டில் கையால் செய்தது' என்ற ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

ஸ்டிக்கரில் இருக்கும் கன்னம் என்னுடையது. இடது பாதி நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் எடுத்தது. வலது பாதி மூன்று மாதம் கிரீம் போட்ட பிறகு எடுத்தது. கண்ணும் வாயும் தெரியாததால் அம்மாவுக்குக்கூட அது நான்தான் என்று தெரியாது. எனக்கு மாதம் ஒரு டப்பா இலவசம். கல்லூரியில் குரூப் போட்டோவில் பின்வரிசையில் ஒளிந்து நின்ற ஒருத்தியின் கன்னம் இன்று ஊர் ஊராகப் போகிறது என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

சாயங்காலம் பழைய லைவ் ஒன்றைப் புதிது மாதிரி போட்டோம். பச்சைப் பட்டு கட்டியது. "அக்கா இன்னைக்குத் தனி ஜொலிப்பு" என்று ஒரு பெண் எழுதினார். கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் சுலபம்தான். வழக்கமாக வரும் கேள்விகளுக்கெல்லாம் அக்கா தன் குரலிலேயே பதில் பேசி வைத்திருக்கிறார். 'எரியுது', 'எத்தனை நாள்', 'மாமியார் திட்டுறாங்க', 'வீக்கம்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வந்த கேள்விக்கு ஏற்றதை எடுத்து அனுப்பினால் போதும். அக்காவே தன்னிடம் பேசியதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என்னை மாதிரி வாய் வராதவளுக்கு ஏற்ற வேலை.

ஆகஸ்ட் 6, புதன்

தூத்துக்குடியிலிருந்து மெர்லின் என்ற பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நம்முடைய பழைய கஸ்டமர். அடுத்த மாதம் கல்யாணம். சிரித்துச் சிரித்துத்தான் பேசுவார்.

"எக்கா, கும்பிடுதேன். மாப்ள வீட்டுல போட்டோவப் பாத்துட்டு, 'பொண்ணு நேர்லயும் இதே கலர்தானா'ன்னு கேட்டாவளாம். எங்கம்மைக்கு அன்னைலருந்து ஒறக்கம் இல்ல. அதான் ரெண்டு நேரமும் போடுதேன். ஆனா காலைல எந்திரிச்சா கண்ணு ரெண்டும் தவள கணக்கா உப்பிப் போயி இருக்குக்கா. ஒண்ணும் செய்யாதுல்லா?"

'வீக்கம்' என்று பெயரிட்டதை எடுத்து அனுப்பினேன். அக்கா குரல் தேன் மாதிரி இருக்கும். "பயப்படாதீங்கடா தங்கம். உள்ள இருக்குற அழுக்கெல்லாம் இப்பத்தான் வெளிய வருது. நல்ல அறிகுறி அது. இந்த நேரத்துல மட்டும் நிறுத்திடாதீங்க."

மெர்லின் மூன்று இதயப் படம் போட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதுரைக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். வார்டில் நான்காவது கட்டில். முகம் வீங்கி, கண் கோடாக இருந்தது. அடையாளம் தெரியாமல் ஒரு கட்டில் தாண்டிப் போய்விட்டேன்.

"எங்கிட்டுப் போற? இங்க இருக்கேன்டி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொண்டாந்தியா?" என்றார்.

கொண்டு போயிருந்தேன். வரும்போது ஒரு டப்பா எடுத்துவரச் சொல்லிக் காலையிலேயே போன் செய்திருந்தார். "அஞ்சு நாளாப் போடல. நிறுத்துனா கறுத்துரும்டி. திரும்பி லைவுக்கு வரணும்ல" என்றார். அவர் கையில் ஊசி குத்தியிருந்ததால் நானே பூசிவிட்டேன். நெற்றி, கன்னம், கழுத்து. விரல் பட்ட இடத்தில் சதை குழிந்து, மெதுவாக மேலே வந்தது.

பூசிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்தார். டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அவர் ரகு சாரிடம், "நாட்டு மருந்து, லேகியம், எடை குறைக்கிற பவுடர், இப்பிடி எதாவது சாப்பிட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல சார். வெளிச் சாப்பாடே சாப்பிட மாட்டா" என்றார் ரகு சார்.

"வலி மாத்திரை?"

"தலைவலிக்குக்கூடத் தைலந்தான் சார்."

என்னையும் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மைதான். அக்கா எதையும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பார்சல் அதிகம். எழுத நேரமில்லை. செருப்பு வார் காலில் பதிந்து வலிக்கிறது. மழையில் நனைந்து சுருங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீவு. அம்மா வெங்காயப் பேட்டையில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள் வந்ததும் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி மூஞ்சி, சுட்ட பணியாரமாட்டம் உப்பியிருக்கு?"

"தூக்கம் சரியில்லம்மா."

"அந்தப் போனக் கட்டிக்கிட்டு அழு. காலேசுக்கு அனுப்புனது மூஞ்சிக்கு வெள்ளையடிக்கவா? நானுந்தேன் கறுப்பு. உங்கப்பன் என்ன பொண்ணு பாக்க டார்ச் லைட்டா எடுத்துட்டு வந்தாரு?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா எதையாவது இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும். செருப்பைப் பற்றி நேற்று எழுதியது சரியில்லை. இந்த வாரம் திண்டுக்கல்லில் மழையே பெய்யவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்காவுக்கு முதுகில் ஊசி போட்டுக் கிட்னியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரகு சார் நேற்றிலிருந்து அங்கேயே இருக்கிறார். மாடியில் நான் மட்டும்தான். வாளியும் டப்பாக்களும் வட்ட லைட்டும் சுற்றி இருக்க, போன் மட்டும் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் கரூரிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "அக்கா போன மாசம் கால் வீங்குதுன்னு சொன்னேன்ல, என்ன பதில் சொன்னீங்கன்னு மறந்துட்டேன். இப்ப அதிகமாயிருக்கு."

போன மாதம் என்ன அனுப்பினோம் என்று பார்க்க, வாட்ஸப்பின் தேடும் கட்டத்தில் 'வீக்கம்' என்று தட்டினேன். அந்த ஒரு பெண்ணுடையது மட்டும் வரும் என்று நினைத்தேன்.

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கண் வீக்கம். கை வீக்கம். காலையில் மட்டும் வீக்கம். மாசமா இருக்கேனோன்னு செக் பண்ணேன், இல்லக்கா, ஆனா வீக்கம். பள்ளத்தூர், ஆத்தூர், ஓசூர், இன்னும் பெயர் கேள்விப்படாத ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அக்காவின் குரல் நீல அலையாக நின்றது. எல்லாம் நான் அனுப்பியவை. ஒருத்தர் கேட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லாரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து, வெட்கப்பட்டு, இரகசியமாகக் கேட்டிருந்தார்கள்.

கரூர்ப் பெண்ணுக்கு எதுவும் அனுப்பவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயடியில் போய் முகம் கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று மெர்லின் குரலில் சிரிப்பு இல்லை.

"எக்கா, எங்கம்மை புடிச்சு இழுத்துட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டுனா. மூத்திரத்துல புரதம் போகுதாம். அந்த டாக்டர் நான் சாப்புடுறத ஒண்ணுமே கேக்கலக்கா. நேரா, 'மூஞ்சிக்கு என்ன போடுத'ன்னு கேட்டாரு. வெள்ளையாக்குற சில கிரீம்ல பாதரசம் கலக்குதானுவளாம், அது தோல் வழியாவே உள்ள போயி கிட்னியக் கெடுக்குமாம். நான் சொல்லிட்டேன், எங்க அக்கா வீட்டுல கையால செய்யுதாவ, அதெல்லாம் இருக்காதுன்னு. இல்லதானக்கா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அக்கா பேசி வைத்ததை எல்லாம் மேலிருந்து கீழ் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அக்கா பதில் பேசி வைக்கவில்லை.

ரகு சாருக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குப் போன் செய்தது இதுவே முதல் முறை.

"சார், அந்த வாளில வர்ற பேஸ்ல என்ன சார் இருக்கு?"

"ஏன், எவளாச்சும் கேட்டாளா?"

"மெர்லின்னு ஒரு கஸ்டமர். அவங்க டாக்டர் பாதரசமான்னு கேக்குறாராம். அவங்களுக்கும் அக்கா மாதிரியே இருக்கு சார். நெறையப் பேருக்கு..."

"அவள பிளாக் பண்ணு."

"சார், அக்காவுக்கும் அதுதானோன்னு..."

"நாகஜோதி." அவர் என் முழுப் பெயரைச் சொன்னதே கிடையாது. "ரெண்டு வருசமா உங்கக்கா போடுறா. விஷமா இருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்காதா? ஊர்ல பாதிப் பேரு அந்த வாளிக்காரன்கிட்டதான் பேஸ் வாங்குறான். இங்க ஆஸ்பத்திரிக்கு நான் கட்டுறதெல்லாம் அந்த டப்பாவுல இருந்து வர்றது. நீ வாயத் தொறந்தா முதல்ல நிக்கிறது அவ வைத்தியம்தான். புரியுதா?"

புரிந்தது. அக்காவைக் காப்பாற்றுவதற்காக அக்காவைப் படுக்க வைத்ததையே விற்றுக்கொண்டிருக்கிறோம். அவர் கேட்டபோது "சரி சார்" என்றுதான் சொன்னேன்.

மெர்லினை பிளாக் செய்யவில்லை. பதிலும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்காவின் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதாம். மூச்சுத் திணறி ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருக்கிறார்கள். வார்டில் விட்டிருந்த துணிகளை எடுக்க ரகு சார் என்னை மதுரைக்குக் கூப்பிட்டார். கட்டிலோரத்து அலமாரியைத் திறந்தேன். அன்று டாக்டர் போனதும் நான் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்த டப்பா பாதிக்கு மேல் காலி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். கூரியர் இல்லை. காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். பையில் ஒரு புது டப்பாவும், வாளியிலிருந்து சம்படத்தில் எடுத்த கொஞ்சம் பேஸும் இருந்தன. ரகு சார் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றார். அவர் பார்க்காதபடி படியேறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஐ.சி.யு. வாசலில் எல்லாம் மறந்துவிட்டது.

மேசையில் ஒரு நர்ஸ் இருந்தார். டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். "ஹேமமாலினி அக்கா... முகத்துல இதத்தான்..." என்று இழுத்தேன்.

அவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஐயோ, வெண்தாழை! நானும் இதான்மா போடுறேன். உள்ள இருக்குறது அந்த லைவ் அக்காவா? மூஞ்சி வீங்கிக் கெடக்கவும் தெரியல பாரேன்! நீ அவங்ககிட்ட வேலை பாக்குறியா? ஸ்டாஃபுக்குக் கொறச்சுக் குடுப்பியா?"

அழுகை எப்படி வந்தது என்று தெரியவில்லை. நர்ஸ் பயந்துபோய் உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தார். நிலோஃபர் என்று சட்டையில் பெயர். சின்ன வயதுதான்.

"என்னம்மா, பேஷண்டுக்கு நீ என்ன வேணும்?"

"வேலை பாக்குறேன் மேடம். மேடம், இது... அக்கா முகத்துல போடுறது. ரெண்டு வருசமா. இங்க வந்தும் போட்டாங்க. நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். இதப் போடுற நெறையப் பேருக்கு வீங்குது மேடம்."

டாக்டர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஏம்மா இவ்வளவு நாளா யாருமே சொல்லல?"

"சாப்பிட்டாங்களான்னுதான் மேடம் கேட்டாங்க."

அவர் டப்பாவையும் சம்படத்தையும் பரிசோதனைக்கு என்று எழுதி ஒட்டினார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, சுடிதார் பேண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

டாக்டர் எனக்கும் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று ஆவணி முதல் நாள். காலையில் மாடிக்குப் போனேன். மாடிக் கதவைத் திறந்து வைத்தேன், தெருச் சத்தம் கேட்டால் தைரியமாக இருக்கும் என்று. பிறகு லைவ் போடும் வெண்தாழை பக்கத்தில் நானே எழுதிப் போட்டேன்: 'இந்தக் கிரீமைத் தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். முகம், கால் வீக்கம் இருப்பவர்கள் டாக்டரிடம் கிரீமைக் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.' எல்லாருக்கும் வாட்ஸப்பிலும் அனுப்பினேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் பக்கம் என் கையை விட்டுப் போய்விட்டது. ரகு சார் மதுரையிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றி, வியாபார வாட்ஸப்பையும் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். நான் எழுதியதை எடுத்துவிட்டு வேறு போட்டார்: 'அன்புச் சகோதரிகளே, நம் வளர்ச்சி பொறுக்காத சிலர் பக்கத்தை ஹேக் செய்துவிட்டார்கள். நம்பாதீர்கள். ஆவணிச் சலுகை தொடங்கிவிட்டது.' கூடவே அக்காவின் பழைய வீடியோ. மஞ்சள் பட்டு, மல்லிகைப்பூ, சிரிப்பு.

கீழே வந்து விழுந்த கருத்துகளை என் சொந்த போனில் படித்தேன். "வயித்தெரிச்சல் புடிச்ச நாய்ங்க." "அக்கா நாங்க இருக்கோம்." "சப்போர்ட் பண்ணவே ரெண்டு டப்பா ஆர்டர் போட்டேன்." "இத எழுதினவ மூஞ்சில அம்மை வார்க்கணும்."

என் எச்சரிக்கையால் வியாபாரம் கூடிவிட்டது.

கரூர்ப் பெண் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. மெர்லின் எண்ணை மட்டும் முன்பே குறித்து வைத்திருந்தேன். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது ஹேக் இல்லங்க. நாந்தான் போட்டேன். நான் அங்க வேலை பாக்குற நாகஜோதி. போடாதீங்க, உண்மையாவே போடாதீங்க."

"நீ யாரு தாயி? இம்புட்டு நாளும் எங்கூட பேசுனது அக்கா. ஹேக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இடையில நாலு நாள் நிறுத்துனதுக்கே கறுத்துட்டேன். இன்னைக்கு மறுபடி போட்டுட்டேன்."

"உங்க டாக்டர் சொன்னாருல்ல?"

"டாக்டரா வந்து என்னக் கட்டிக்கிடப் போறாரு? அக்கா வாயால நிறுத்துன்னு சொல்லட்டும், இந்த நிமிசமே கடல்ல வீசிருதேன்." வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரகு சார் திண்டுக்கல் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"டெஸ்ட் ரிசல்ட்டு வரட்டும். வந்தா நானே நிறுத்துறேன். அது வரைக்கும் ஓடட்டும். வேற வழி சொல்லு, கேக்குறேன்."

அவர் எழுந்து மாடிக்குப் போனார். வாளி மூடியைத் திறக்கும் சத்தம் தெரு வரை கேட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அக்காவை மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முடிவும் வந்துவிட்டது. டப்பாவில், வாளியில், அக்காவின் இரத்தத்தில், மூன்றிலும் பாதரசம். டாக்டர் நிலோஃபர் அக்காவிடமே நேராகச் சொன்னாராம். இனிமேல் படாமல் இருந்தால் கிட்னி மெதுவாகத் தேற வாய்ப்பு இருக்கிறது என்றும், பட்டால் டயாலிசிஸ்தான் என்றும் சொல்லியிருக்கிறார். எங்கே புகார் செய்ய வேண்டுமோ அங்கே ஆஸ்பத்திரி எழுதிப்போடும், ஆனால் அது நகர நாளாகும் என்றார்.

நான் போனபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டில் ஓரமாகப் போய் நின்றேன்.

"நாந்தானேடி விரலால தொட்டுத் தொட்டுக் கலக்குனேன்" என்றார், திரும்பாமலே.

"நானும்தான்க்கா."

"உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

திரும்பிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மிக மெதுவாக, "ரிசல்ட்டு வந்தா நிறுத்துவேன்னாரு. வந்தாச்சு. அவரு இன்னைக்கும் பார்சல் போட்டுருக்காரு, தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"நாந்தான் போடச் சொன்னேன்." "இந்த ஆவணி மட்டும் ஓடட்டும்டி. ஆஸ்பத்திரிக் கணக்க முடிச்சுட்டு, பெறகு சத்தமில்லாம மூடிருவோம். ஒரு மாசத்துல யாருக்கு என்ன ஆயிடப் போகுது? நீயும் எதுவும் பேசாத. என்னா?"

ஆயுசில் முதல் தடவையாக நான் தலையாட்டவில்லை. அவ்வளவுதான் செய்ய முடிந்தது. வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இதுவரை யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதிவந்தேன். இனி முடியாது. அக்கா, இது உங்களுக்கு. மத்தியான பஸ்ஸில் வந்து இந்த நோட்டை உங்கள் கையில் கொடுக்கப்போகிறேன். நீங்கள் கேட்டபடி ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். என் ரிப்போர்ட் நேற்று வந்தது, அதை மட்டும் எழுதவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். காலையில் மெர்லின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் அம்மா. மெர்லினுக்கு நேற்று வலிப்பு வந்ததாம், திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிறார்களாம். "வழியில அவ கைப்பைக்குள்ள அந்த டப்பாவ வச்சுக்கிட்டு விட மாட்டேங்கா. யாரு சொல்லியும் கேக்கல. அந்த அக்காவக் கொஞ்சம் பேசச் சொல்லும்மா" என்று அழுதார்.

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன் அக்கா. என் குரலை யாரும் நம்பமாட்டார்கள். டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அவர்கள் கேட்பது உங்கள் ஒருவர் பேச்சைத்தான். என்னை வேலைக்கு எடுத்த அன்று, பேசத் தெரியாதே என்று நான் சொன்னதற்கு, "அத நான் பாத்துக்கிறேன், நீ கூட இரு" என்றீர்கள். அன்றிலிருந்து உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன்.

கடவுச்சொல்லை மாற்றினாலும் உங்கள் போனில் நம் பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. இன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு லைவில் வாருங்கள். பட்டு வேண்டாம், பூ வேண்டாம், வட்ட லைட் வேண்டாம். இப்போது இருக்கிற முகத்தோடு, இந்தக் கட்டிலில் இருந்தபடியே வாருங்கள். "நிறுத்திடுங்கடா தங்கம்" என்று ஒரே ஒரு தடவை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உங்கள் கை நடுங்கும். போனை நான் பிடித்துக்கொள்கிறேன்.